ஏழுக்கு நாலு

மகனே,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று காலை தெமோதரை ஸ்டேசனில் நீ கண்டிக்குக் கோச்சி ஏறியதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். உன் முகத்தில் நலம் ஒன்றும் தெரியவில்லை. என்னிடமும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. ஒரே காம்பிரா அறையில், ஒரே அடுப்புப் பக்கம் படுத்து எழும்புகிற மகனுக்குக் கடிதம் எழுதுகிறாளே, கிழவிக்குப் புத்தி கலங்கிவிட்டதா என்று நீ சிரிப்பாய். கலங்கவில்லை. இந்த ஒரு மாதத்தில் உன் முன்னால் நின்று இதைச் சொல்ல நாலு தடவை வாயைத் திறந்தேன். நாலு தடவையும் "சோறு போடட்டுமா" என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டேன். எழுத்தில் அப்படித் தப்பிக்க முடியாது.

நீ புதன்கிழமை வந்துவிடுவாய். வெள்ளிக்கிழமை பண்டாரவளையில் உனக்கும் கமலாவுக்கும் பதிவுக் கல்யாணம். அடுத்த மாதம் தலைமன்னாரில் கப்பல். கமலாவின் பெயரையும் உன் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக்கொண்டு போக என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்கத்தான் இப்போது கண்டி இந்தியத் தூதர் ஆபீஸுக்குப் போயிருக்கிறாய். அந்தப் பெண்ணின் பெயரை எங்கேயும் எழுதுவதற்கு முன்னால் உன் பெயர் எப்படி எழுதப்பட்டது என்பது உனக்குத் தெரிய வேண்டும். உனக்குத் தெரிந்த கதை பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான்.

முதலில் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதைத் திட்டித் திட்டியே நான் பத்துப் பதினைந்து வருடம் ஓட்டியிருக்கிறேன், அது உனக்கும் தெரியும். அறுபத்து நாலில் அது கையெழுத்தானபோது நீ அரைக் காற்சட்டை போட்ட பையன். உன் அப்பா தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து சுருட்டுகிற மெஷினில் நின்றார். பதுளையில் உடுப்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானாதான் என்னையும் அப்பாவையும் நிற்கவைத்து பேப்பரை வாசித்துக் காட்டினார். இரண்டு நாட்டுப் பிரதமர்களும் பேசி முடித்துவிட்டார்கள். ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், மூன்று லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வார்கள். "நம்ம யாரு நானா, எந்தக் கணக்குல?" என்று நான் கேட்டேன். "அது இனித்தான் தங்கச்சி தெரியும்" என்று சொல்லி அவர் பேப்பரை மடித்தார். பிறகு, பத்து வருடம் கழித்து, அந்த ஒன்றரை லட்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். கொழுந்துக் கூடையைக்கூட யாருடையது என்று கேட்டுவிட்டுத்தானே தூக்குகிறோம், எங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா என்றேன். உன் அப்பா என் மாதிரி இல்லை. எதையும் நின்று யோசிக்கிற மனிதர். "சும்மா கத்தாத. சுதந்திரம் வந்த கையோட நம்மள நாடில்லாதவன்னு ஆக்கிப்புட்டாங்க. பதினாறு வருசமா ரெண்டு பேருமே எங்க ஆளு இல்லேன்னுதான் சொன்னாங்க. இப்ப யாராவது ஒருத்தராவது எங்க ஆளுதான்னு எழுதிக் குடுக்குறேங்கிறாங்க. சண்ட போட்டுக்கிட்டு நம்மள நடுவுல வச்சு அடிக்காம, பேசி முடிச்சாங்களே, அதுக்குத்தான் ஒப்பந்தம்" என்றார். அன்றைக்கு எனக்கு அது கோழைப் பேச்சாகப் பட்டது. இன்று யோசித்தால் அவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. இரண்டு நாடுகள் ஒப்பந்தம் போட்டால் அதில் எழுதியதை ஏதோ ஒரு நாள் இரண்டுமே செய்தாக வேண்டியிருக்கிறது. எங்களுக்கு அதுவரை வாக்குக் கொடுத்து ஏமாற்றியவர்கள்கூட எழுதிக் கொடுத்து ஏமாற்றவில்லை. மற்ற பாதி உண்மையை அவர் சொல்லவில்லை, சொல்ல அவருக்குத் தெரியவும் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் வேறு, அதன்படி மூட்டை கட்டுகிறவர்கள் வேறு.

எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்கிற விண்ணப்பப் பாரத்தை நிரப்பச் சொன்னது அதற்கு நாலைந்து வருடம் கழித்து. அதற்குள் நான் உன் விஷயத்தில் ஒரு வேலை செய்திருந்தேன். நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். பிள்ளை கொஞ்சம் வளர்த்தியாக இருந்தால் செக்ரோல் என்கிற ஆள் பதிவில் வயதை இரண்டு கூட்டிச் சொல்லிவிடுவோம். பெரியாள் பேராகப் பதிந்துவிட்டால் பெரியாள் சம்பளம், பெரியாளுக்கு உள்ள அரிசி. கணக்கப்பிள்ளைக்கும் தெரியும், கிளாக்கருக்கும் தெரியும். பிள்ளையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சரி என்று எழுதிவிடுவார்கள். நீ பிறந்த மாதம் நாங்கள் பூனாகலையை விட்டு இந்தத் தோட்டத்துக்கு மாறி வந்தோம். அந்த அலைச்சலில் உன் பிறப்பைப் பதியவே இல்லை. அதனால் உனக்கு இரண்டு வயது கூடியதைக் கேட்பாரும் இல்லை, நீ மட்டும் ஒரு நாள் "ஏம்மா, நான் பக்கத்து வீட்டு மாரிமுத்துவுக்கு மூத்தவனா எளையவனா?" என்று கேட்டாய். மலையில் மூத்தவன், வீட்டில் இளையவன் என்று சொல்லிச் சிரித்தேன். பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே நினைத்துக்கொண்ட காலம்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு, மாஸ்டர்தான் எல்லோருக்கும் பாரம் எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர், தேத்தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினார். நாங்கள் இங்கேயே இருப்பது என்று நானும் அப்பாவும் பேசி முடிவு செய்திருந்தோம். அப்பாவுக்கு அன்று ஃபேக்டரியில் வேலை, அதனால் நான்தான் வரிசையில் நின்றேன். அப்பா பெயர், என் பெயர், உன் தங்கச்சி பெயர் எல்லாவற்றையும் இலங்கைப் பாரத்தில் எழுதினார். உன் பெயரைச் சொன்னதும் செக்ரோல் கொப்பியைப் புரட்டிப் பார்த்து நிமிர்ந்தார்.

"இவன் பதினெட்டு தாண்டிட்டானே. அப்பா பாரத்துல சேக்க ஏலாது. தனிப் பாரம்."

"நெசத்துல பதினாறுதாங்க ஐயா."

"அதுக்குப் பொறப்புத் துண்டு இருக்கா?"

இல்லை. அது மட்டும் இல்லை. பதினாறுதான் என்று அங்கே சத்தமாகச் சொன்னால் செக்ரோலில் பொய் சொன்னது ஆபீஸ் வரைக்கும் போகும், உன் பேரை வெட்டுவார்கள், அப்பாவின் வேலைக்கும் ஆபத்து வரும் என்று பயந்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் இருபது பெண்கள் நின்றார்கள். சரி, தனிப் பாரமே எழுதுங்கள் என்றேன். அவர் புதுத் தாளை எடுத்து வைத்து, "எந்த நாடுன்னு போடட்டும்?" என்று கேட்டார்.

மகனே, இதுவரைக்கும் உனக்குத் தெரிந்த கதைதான். இதற்கு அப்புறம் நடந்ததாக உனக்குத் தெரிந்தது என்ன? பதினெட்டு தாண்டியவர்களுக்கு இந்தியா என்று விதி இருந்தது, அல்லது எங்கேயோ ஒரு ஆபீஸில் உன் தாளைத் தவறான கட்டில் போட்டுவிட்டார்கள். உன் பெயர் இந்தியப் பட்டியலில் வந்திருக்கிறது என்று தெரிந்த அன்று சாயங்காலம் இதைத்தான் நான் உனக்கும் அப்பாவுக்கும் சொன்னேன். அப்படி ஒரு விதியும் இல்லை, யாரும் எந்தக் கட்டிலும் தவறிப் போடவில்லை. மாஸ்டர் கேட்டார், நான் இந்தியா என்று சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஒங்க எல்லாருக்கும் இலங்கை, அவனுக்கு மட்டும் இந்தியாவா? யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார். "ஒரு ஆளு அங்கயும் இருக்கட்டும் ஐயா" என்றேன். இந்த நாடு எங்களை வைத்துக்கொள்ளும் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு நாள் எல்லோரையும் துரத்தினால், துறையூர்ப் பக்கம் என் அண்ணன் இருக்கிறார், நீ முன்னால் போய் நின்றுகொண்டால் நாங்கள் பின்னால் வரலாம் என்று கணக்குப் போட்டேன். துரத்தாவிட்டால் உன் தாளை எப்படியாவது திருப்பி வாங்கிவிடலாம் என்றும் நினைத்தேன். அரசாங்கக் கச்சேரித் தாளைக் கடையில் வாங்கிய துணி மாதிரி மாற்றிக்கொள்ளலாம் என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

கையெழுத்து மட்டும் உன்னுடையது. அன்று நீ மலையில் மழையில் நனைந்து வந்தாய். நான் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். அப்பா பாரத்தோடு சேர்க்கிற தாள்தான், ஒரு கையெழுத்துப் போடு என்று பேனாவைக் கொடுத்தேன். நீ ஒரு எழுத்துக்கூட வாசிக்காமல் போட்டுவிட்டு, "ரொட்டிக்குச் சம்பல் இருக்காம்மா?" என்று கேட்டாய். உனக்குப் பதினாறு வயது. அம்மா கொடுத்த தாளை ஏன் வாசிக்க வேண்டும்?

இதோடு நின்றிருந்தால்கூட ஒரு மடமை என்று மன்னித்துவிடலாம். அப்பாவின் விஷயத்தை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது? தவறு நடந்துவிட்டது, சொன்னால் திருத்துவார்கள் என்று நம்பி அந்த மனிதர் எத்தனை முறை பதுளைக்கு நடந்தார். பஸ்ஸை விட்டுவிட்டுத் தண்டவாளம் வழியாகவே நடந்து போவார். ஒவ்வொரு முறையும் கொண்டுபோன மனுவை எழுதிக் கொடுத்தவள் நான். "எங்கள் மகனின் பெயர் தவறுதலாக இந்தியப் பிரஜைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது" என்று அடித்தல் திருத்தல் இல்லாமல் என் கையால் எழுதினேன். நான்தான் செய்தேன் என்று அப்போதே சொல்லியிருந்தால், என்ன எழுதிக் கேட்க வேண்டும் என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கும். தவறே நடக்காத இடத்தில் தவறைத் தேடச் சொன்னால் எந்த ஆபீஸ்காரர்தான் கண்டுபிடிப்பார்? மாவும் அரிசியும் இல்லாத அந்தப் பஞ்ச வருடத்தில் கால் வீங்கிப் படுத்தபோதும், "அடுத்த வெள்ளிக்கெழம ஒரு நட போயிட்டு வந்துர்றேன்" என்றார். அடுத்த வெள்ளி வரை அவர் இருக்கவில்லை. செத்த வீட்டில் நான் அழுததைப் பார்த்து லயத்து வரிசை வீடெல்லாம் அழுதது. எதற்காக அப்படி அழுதேன் என்று இன்றுதான் உனக்குச் சொல்கிறேன்.

அதற்கு மறுவருடம் எங்கள் இலங்கைப் பிரஜாவுரிமைச் சீட்டு வந்தது. செத்துப்போன அப்பாவின் பெயரும் அதில் இருந்தது. அதே வருடம் உன் இந்திய பாஸ்போர்ட்டும் வந்தது. நானாவின் கடைக்குப் போய் இரண்டையும் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மனசில் வைக்க மாட்டாமல் சொல்லிவிட்டார். "ஏழுக்கு நாலுன்னு ஒரு கணக்கு இருக்கு தங்கச்சி. ஏழு பேரு அங்கிட்டுப் போனாத்தான் நாலு பேருக்கு இங்கிட்டுச் சீட்டு எழுதுவாங்க. அது ஒப்பந்தத்தோட சட்டம்." நான் அவரிடம் திரும்பக் கேட்டேன், அவர் திரும்பவும் அதையே சொன்னார். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது. ஏழில் ஒன்று நீ. நாலில் ஒன்று நான், இன்னொன்று உன் தங்கச்சி.

அந்தச் சீட்டால் பயன் இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அதைக் காட்டித்தான் உன் தங்கச்சி ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்கு மனுப் போட்டாள், கிடைத்தது. அதை வைத்துத்தான் வாழ்க்கையில் முதன்முறையாக நான் ஓட்டுப் போட்டேன். நாங்கள் மூன்று வேளை தின்கிற ஒவ்வொரு நாளிலும் உன் பெயர் அந்தப் பக்கம் எழுதியிருப்பது சேர்ந்துதான் இருக்கிறது. வீட்டைக் காலி செய், நாட்டை விட்டுப் போ என்று உனக்கு நோட்டீஸ் வந்த அன்று, ஒரு குடும்பத்தையே இரண்டாகப் பிய்க்கிறார்கள் பாரு, பாவிகள் என்று நான் லயத்து வாசலில் நின்று கத்தினேன். நீ என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாய். ஒப்பந்தம் போட்ட பெரிய மனிதர்கள் இரண்டு பேரும் எங்களைப் பார்த்ததே இல்லை, முகம் தெரியாத லட்சம் பேரைப் பங்கு போட்டார்கள். நான் பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பங்கு போட்டேன். யார் பாவி?

இப்போது கமலா. போன ஞாயிறு எல்ல ஊர்ப் பக்கம் சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். அதுவும் பொய். பூனாகலைக்குப் போனேன். அவளுடைய அப்பா வாசலிலேயே நின்று, "நாங்க எல்லாம் பேசி முடிச்சுட்டோம் சம்மந்தி, மாப்பிள கூட எங்க போகச் சொன்னாலும் போவா" என்று சந்தோஷமாகச் சொன்னார். பேசி முடித்தவர்கள் யார் என்று கேட்டேன். நீயும் அவரும். அன்று ஞாயிறானாலும் வேலை இருக்கிற விசேஷக் கொழுந்து நாள், கமலா மலையில் நின்றாள். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போய்க் காத்திருந்தேன். கூடையை இறக்கிவிட்டு என்னைக் கண்டதும் தலைத்துண்டை எடுத்துவிட்டு வந்தாள். போகச் சம்மதமா பிள்ளை என்று கேட்டேன்.

"எல்லாரும் சம்மதம்னுதான் அத்த சொல்றாங்க" என்றாள். பிறகு, பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு, "அத்த, ஒண்ணு கேக்கவா? ரெண்டு வருசம் கழிச்சு எங்க ஆத்தாவுக்கு ஒண்ணுன்னா நான் வரலாமா? அங்க பேரு ஏறிட்டா இங்க வெட்டிருவாங்களா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி ஒரு பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, எனக்கு அது பழக்கம்தானே. அன்று விழுங்கிவிட்டேன். தெரியாது பிள்ளை என்றேன். அதோடு, ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை, மாஸ்டர் மேசையில் நடந்தது முழுவதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். உனக்குச் சொல்லாததை அவளுக்குச் சொன்னேன். அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. "அவுங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். "சொல்லுங்க அத்த. சொன்னப்பொறகு அவுங்க வந்து என்கிட்ட கேக்கட்டும். இதுவரைக்கும் எங்க அப்பாகிட்டதான் கேட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்ப மலைக்குப் போய்விட்டாள்.

நீ கெட்டவன் இல்லை. அவள் மேல் உனக்கு உயிர். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, அதையும் நான் பார்க்கிறேன். ராத்திரியில் நீ புரள்கிற சத்தம் எனக்குக் கேட்காமலா இருக்கும்? ஆனால் நான் பயத்தில்தான் உன் பெயரை எழுதினேன். அன்பு இல்லாமல் எழுதவில்லை. பயமும் அன்பும் சேர்ந்து நின்று கேட்டதால்தான் எனக்குத் தவறு என்றே தெரியவில்லை. அதே இடத்தில் இன்று நீ நிற்கிறாய். கண்டியில் என்ன சொன்னார்களோ அதை ஒரு வரி விடாமல் அவளிடம் சொல். திரும்பி வரலாமா என்பதற்கு அங்கே என்ன பதில் கிடைத்தது என்று சொல். பதில் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று சொல். அங்கே போனால் நம்மைச் சிலோன்காரன் என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று போனவர்கள் எழுதுகிறார்கள், அதையும் மறைக்காதே. அவள் தாளை வாசித்து முடிக்கும் வரை பேனாவை உன் சட்டைப் பையிலேயே வைத்திரு.

அவள் வருகிறேன் என்றால் வெள்ளிக்கிழமை காலை நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பேன். சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னாய், போடுகிறேன், என் முன்னால் அவள் வாயால் சொல்லக் கேட்ட பிறகு. அவள் வரவில்லை என்றால் அவளைத் திட்டாதே, அவள் அப்பாவோடு சண்டைக்கும் போகாதே. நீ தனியாகத்தான் கப்பலேற வேண்டும். உன்னைத் தனியாக அனுப்பியது அவள் இல்லை. திட்ட வேண்டிய ஆள் இங்கே இருக்கிறேன். இந்தத் தாளை வாசித்துவிட்டு, பரவாயில்லை அம்மா என்று மட்டும் சொல்லிவிடாதே. உன் குணம் எனக்குத் தெரியும், நீ அப்படித்தான் சொல்வாய். அப்படிச் சொன்னால் எனக்குத் தாங்காது.

தெமோதரையில் நான் நிறையப் பேரை வழியனுப்பியிருக்கிறேன். கோச்சி வரும் சத்தம் கேட்டதும் போகிறவர்கள் எல்லோரும் தாயின் காலில் விழுவார்கள், கூட்டமே ஓவென்று அழும். அடுத்த மாதம் நீ என் காலில் விழ வேண்டாம். நேராக நின்று என் முகத்தைப் பார்த்து, நீதான் என்னை அனுப்பினாய் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு ஏறு. நான் ஆமாம் என்று சொல்ல வேண்டும், மகனே. அதை நான் இன்னும் நாலு பேர் கேட்கச் சத்தமாகச் சொன்னதில்லை.

அம்மா